தொடாமல் திறக்கும் கதவு யாரை வாசலில் நிறுத்துகிறது?

காலை 7 மணி ஆக இன்னும் 10 நிமிடம். தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசல். பேருந்துகள் ஆட்களை இறக்கிவிட்டு வரிசையாக நிற்கின்றன. இரவு வேலை முடித்தவர்கள் வெளியே வர வேண்டும். பகல் வேலைக்காரர்கள் உள்ளே போக வேண்டும். கதவோரத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. விரலை வைத்தால் பச்சை விளக்கு, 'டிங்' என்று ஒரு சத்தம், கதவு திறக்கும். ஆளுக்கு இரண்டு விநாடிதான்.

வரிசையில் கேண்டீனில் பாத்திரம் கழுவும் அம்மா ஒருவரும் நிற்கிறார். வலது கட்டைவிரலை வைக்கிறார். சிவப்பு விளக்கு. துணியில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார். சிவப்பு. இடது விரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்குகிறார்கள். கடைசியில் பாதுகாவலர் நோட்டுப் புத்தகத்தில் பெயரை எழுதிக்கொண்டு கதவைத் திறந்துவிடுகிறார். அவர் உள்ளே போய்விட்டார். ஆனால் இயந்திரத்தின் கணக்கில் அவர் வரவே இல்லை. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

இந்தக் காட்சி எந்த ஒரு தொழிற்சாலைக்கும் மட்டுமே உரியதன்று. விரல்ரேகைக் கருவி வைத்திருக்கும் இடங்களில் வேலை செய்பவர்கள் பலருக்கும் இது பழகிப்போன ஒன்று. விரல்ரேகை என்பது தோலின் மேல் இருக்கும் மேடு பள்ளம். சிமெண்டு கலப்பவர், மர ஆலையில் பலகை தூக்குபவர், நாள் முழுதும் சோப்பு நீரில் கை வைத்திருப்பவர் ஆகியோருக்கு அந்த மேடு தேய்ந்துவிடும். வயதானாலும் தேயும். உழைத்துத் தேய்ந்த கையைத்தான் அந்தக் கருவி முதலில் சந்தேகப்படுகிறது.

இதைவிட வேதனையான சம்பவம் ஒன்று சிங்கப்பூர்க்காரர் ஒருவருக்கு நேர்ந்தது. 62 வயதான அவர் புற்றுநோய்க்காக கேப்சைடபின் என்ற மாத்திரையை உட்கொண்டு வந்தார். அந்த மருந்து சிலருக்கு உள்ளங்கைத் தோலையும் பாதத் தோலையும் உரித்துவிடும். 2008 டிசம்பரில் அமெரிக்கா போய் இறங்கியவரிடம் விரல்ரேகை கேட்டபோது, விரலில் ரேகையே இல்லை. நான்கு மணி நேரம் நிறுத்திவைத்து, அவரால் ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகே விட்டார்கள். அவருடைய மருத்துவர் இதை 2009இல் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதி, இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் பயணம் போகும்போது மருத்துவரின் கடிதத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது என்று எச்சரித்தார். குடிநுழைவு முகப்பில் ஒரு நாள் நடந்தது இது. வேலையிடத்து வாசல் என்றால் அன்றாடம் இரண்டு முறை கடந்தாக வேண்டும்.

பிறகு 2020 வந்தது. மலேசியாவில் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வேலையிடங்கள் மறுபடி திறந்தபோது, ஆயிரம் பேர் விரல் வைத்த இடத்தில் தானும் விரல் வைக்க யாருக்கும் துணிவில்லை. பல நிறுவனங்கள் விரல்ரேகைக் கருவியை நெகிழித் தாளால் மூடிவைத்தன. மலேசியாவில் மைசெஜாத்திரா, சிங்கப்பூரில் சேஃப்எண்ட்ரி என்று கைத்தொலைபேசியில் கியூ.ஆர். குறியீட்டை வருடிவிட்டு உள்ளே போகும் பழக்கம் பாட்டி தாத்தாவுக்கும் கைவந்தது. முகத்தைப் பார்த்து உடல் வெப்பத்தையும் அளந்து கதவைத் திறக்கும் பலகைக் கருவிகள் வாசலுக்கு வாசல் முளைத்தன.

கிருமிப் பரவல் தணிந்த பிறகு 2022இல் இரு நாடுகளிலும் அந்த வருடல் கட்டாயம் நீங்கியது. அதற்கும் முன்பே, 2021 ஏப்ரலில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு விளக்கம் தந்திருந்தது: கிருமி பட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் கோவிட் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு. ஆக, 'தொட்டால் ஒட்டிக்கொள்ளும்' என்ற பயத்தில் வாங்கிய கருவிகளுக்கு அந்தக் காரணம் ஏறக்குறையப் போய்விட்டது. கருவிகள் மட்டும் வாசலிலேயே நிற்கின்றன. பழைய விரல்ரேகைப் பெட்டி பழுதாகும்போதெல்லாம், 'அடுத்து எது?' என்ற கேள்வி நிர்வாகத்தின் மேசைக்கு வருகிறது. விற்பனையாளர்கள் வேகத்தைப் பற்றியும் சுத்தத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் வேறு. கருவி தவறு செய்தால் அதன் கஷ்டம் யார் தலையில் விழும்? உள்ளே வைத்திருக்கும் அடையாளம் திருடுபோனால் அதை மாற்றிக்கொள்ள முடியுமா?

அட்டை: பழையது, ஆனால் பழசாகிவிடவில்லை

கம்பி இல்லாமல், ஓர் அட்டையைக் கிட்டே காட்டியதும் கதவு திறக்கும் முறைக்கு அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் வால்ட்டன் 1973லேயே காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. அட்டைக்குள் மின்கலம் கிடையாது. மெல்லிய கம்பிச் சுருளும் ஒரு சில்லும்தான் இருக்கின்றன. கதவுப் பெட்டியிலிருந்து வரும் காந்தப் புலத்தில் அந்தச் சுருள் மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது.

வெளியே பார்த்தால் எல்லா அட்டையும் ஒன்றுபோல வெள்ளையாக இருக்கும். உள்ளே நிலைமை அப்படியில்லை. 125 கிலோ ஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் பழைய அட்டைகளில் பெரும்பாலானவை, எந்தப் பெட்டி கேட்டாலும் தங்கள் எண்ணை அப்படியே சொல்லிவிடும். கேட்பது சொந்தக் கதவா, திருடன் கையிலுள்ள பெட்டியா என்று பார்க்காது. அதனால்தான் சாவி செய்யும் கடைகளில் அடுக்குமாடிக் குடியிருப்பு அட்டைக்குச் சில நிமிடங்களில் நகல் எடுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு இன்னோர் அட்டை தேவைப்படும்போது அது நமக்கு வசதியாகத் தெரிகிறது. அதே அட்டைதான் சம்பளப் பணம் இருக்கும் அறையையும் திறக்கிறது என்றால் யோசிக்க வேண்டும்.

13.56 மெகா ஹெர்ட்ஸ் அட்டைகள் அடுத்த தலைமுறை. இவற்றிலும் முழுவதும் நம்பிவிட முடியாது. உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற மைஃபேர் கிளாசிக் என்ற அட்டையின் இரகசியப் பூட்டை 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அந்த ஆய்வு வெளிவரக்கூடாது என்று தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, ஆய்வு வெளிவந்தது. பின்னாளில் வந்த அட்டைகள் வலுவான மறையீட்டைப் பயன்படுத்துகின்றன: பெட்டி ஒவ்வொரு முறையும் புதிய கேள்வி கேட்கிறது, அட்டை உள்ளிருக்கும் இரகசியத்தை வெளியே விடாமல் பதில் மட்டும் சொல்கிறது. நேற்றைய பதில் இன்று செல்லாது. விலை வித்தியாசம் பெரிதல்ல என்றாலும், கேட்டால்தான் இதைக் கொடுப்பார்கள். கேட்காதவருக்கு எது கையிருப்பில் இருக்கிறதோ அது.

அட்டையின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நண்பனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் தூங்கலாம். அந்தக் காலத்துப் பஞ்ச் கார்டில் தொடங்கிய வித்தை இது. அட்டை யார் கையில் இருக்கிறது என்பது கதவுக்குத் தெரியாது. ஆனால் அதன் பெரிய நிறைவும் அங்கேயே இருக்கிறது. தொலைந்தால் பழைய எண்ணை முடக்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் புதியது தரலாம். தேய்ந்த விரலுக்கும் கறுத்த முகத்துக்கும் அட்டை பேதம் காட்டாது.

கைத்தொலைபேசி

அட்டையின் வேலையைத் தொலைபேசியே செய்யட்டும் என்பது அடுத்த யோசனை. இதில் மூன்று வகை உண்டு. முதலாவது, எளிதான கியூ.ஆர். குறியீடு. ஒரே குறியீட்டை அச்சடித்து ஒட்டியிருந்தால் அது வாசலுக்குப் பாதுகாப்பே இல்லை; ஒருவர் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டிலிருந்தபடியே 'வந்துவிட்டேன்' என்று பதிந்துவிடலாம். சில விநாடிக்கொரு முறை மாறும் குறியீடாக இருந்தால்தான் மதிப்பு.

இரண்டாவது, சுமார் 4 செண்டிமீட்டர் தூரத்துக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும் என்.எஃப்.சி. முறை. பணப்பைக்குப் பதிலாகத் தொலைபேசியைக் காட்டிக் கடையில் பணம் கட்டுகிறோமே, அதேதான். மூன்றாவது புளூடூத். தொலைபேசி சட்டைப் பையில் இருக்க, ஆள் நெருங்கியதுமே கதவு திறக்கும். சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல மீட்டர் தூரத்துக்கு எட்டும் அலை என்பதால், வாசலைக் கடந்து கழிவறைக்குப் போகிறவருக்கும் கதவு திறந்துகொள்ளக்கூடும். 2022இல் பிரிட்டனின் பாதுகாப்பு ஆய்வாளர்கள், தூரத்தில் உள்ள தொலைபேசியின் புளூடூத் அலையை நடுவில் இரண்டு கருவிகள் வைத்துக் கடத்திக்கொண்டுவந்து, டெஸ்லா காரைத் திறந்து காட்டினார்கள். கார் கதவுக்கு நடந்தது அலுவலகக் கதவுக்கும் நடக்கலாம்.

இதையெல்லாம்விட அன்றாடச் சிக்கல் வேறு. தொலைபேசி யாருடையது? ஊழியர் தன் சொந்தப் பணத்தில் வாங்கிய தொலைபேசியில் நிறுவனத்தின் செயலியை ஏற்றியே ஆக வேண்டுமா? அந்தச் செயலி அவர் இருக்குமிடத்தை வேலை நேரம் கழிந்தும் பார்த்துக்கொண்டிருக்குமா? மின்கலம் தீர்ந்துபோன நாளில் என்ன செய்வார்? பழைய தொலைபேசி வைத்திருக்கும் துப்புரவுப் பணியாளர் என்ன செய்வார்? குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் எல்லோரிடமும் புதிய தொலைபேசி இருக்கிறது. கேள்வி அவர்களுக்குத் தோன்றாமல் போவதில் வியப்பில்லை.

முகம்: சல்லடையின் ஓட்டை எவ்வளவு?

இப்போது வாசல்களில் பரவலாகக் காண்பது முகத்தைப் பார்க்கும் கருவிதான். பலர் நினைப்பதுபோல அது புகைப்படத்தையும் முகத்தையும் அப்படியே ஒப்பிடுவதில்லை. முகத்தை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றுகிறது. பதிவில் உள்ள எண் வரிசைக்கும், எதிரே நிற்பவரின் எண் வரிசைக்கும் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கிறது. ஒரே ஆளாக இருந்தாலும் இரண்டும் நூற்றுக்கு நூறு பொருந்தாது. வெளிச்சம் மாறியிருக்கும், கண்ணாடி போட்டிருப்பார், இரவெல்லாம் தூங்காமல் முகம் வீங்கியிருக்கும். ஆகவே, 'இந்த அளவு நெருங்கினால் போதும், திற' என்று ஓர் எல்லை வைக்க வேண்டும்.

மாவு சலிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். சல்லடையின் ஓட்டை சிறியதாக இருந்தால் நல்ல மாவும் மேலேயே தங்கிவிடும். ஓட்டை பெரியதாக இருந்தால் தவிடும் கீழே இறங்கிவிடும். முகக் கருவியிலும் இப்படி இரண்டு தவறுகள். உரியவரை நிறுத்துவது ஒன்று; உரியவர் அல்லாதவரை விடுவது மற்றொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். 'எங்கள் கருவி 99 விழுக்காடு துல்லியம்' என்று விளம்பரம் சொன்னால், எந்தத் தவறைக் கணக்கிட்டு அந்த 99 வந்தது என்று கேட்டாக வேண்டும்.

ஆட்களின் எண்ணிக்கையும் இதில் விளையாடும். அன்னியர் ஒருவரை வேறொருவராகத் தவறாக எண்ணும் வாய்ப்பு, ஒரு முகத்தோடு ஒப்பிடும்போது 1 லட்சத்தில் 1 என்று வைத்துக்கொள்வோம். கேட்க மிகச் சிறியது. பதிவில் 500 ஊழியர் இருந்தால் கருவி 500 முகங்களோடும் ஒப்பிடும். அப்போது அந்த வாய்ப்பு ஏறக்குறைய 200இல் 1 ஆகிவிடுகிறது. முதலில் அட்டையைக் காட்டி, அந்த அட்டைக்குரிய ஒரே ஒரு முகத்தோடு மட்டும் ஒப்பிடச் செய்தால் பழையபடி 1 லட்சத்தில் 1. அட்டையும் முகமும் சேர்ந்த முறையைப் பாதுகாப்புத் துறையினர் விரும்புவது இந்த எளிய கணக்கினால்தான்.

நம்மவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கறுத்த தோலைக் கருவி சரியாகப் பார்க்குமா? இந்தக் கவலை வீணன்று. 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் செய்த ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள், வெளுத்த தோல் ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடு தவறு செய்தன. கறுத்த தோல் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. அது ஆளை அடையாளம் காணும் சோதனை அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆளை அடையாளம் காண்பதை அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2019இல் 189 மென்பொருள்களை வைத்துச் சோதித்தது. ஒருவரை வேறொருவராக எண்ணும் தவறு, பல மென்பொருள்களில், ஆப்பிரிக்க முகங்களுக்கும் கிழக்காசிய முகங்களுக்கும் 10 முதல் 100 மடங்கு வரை அதிகம். அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. சீனாவில் உருவான சில மென்பொருள்களுக்குக் கிழக்காசிய முகங்களில் இந்தத் தடுமாற்றம் இல்லை. எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ, அந்த முகங்களைக் கருவி நன்றாக அறிகிறது. இந்திய முகங்களை எவ்வளவு பார்த்துப் பழகியது என்பது விற்பனையாளரிடம் கேட்கத்தக்க கேள்வி.

அதற்குப் பிறகு மென்பொருள்கள் பெரிதும் தேறியிருக்கின்றன. கருவியை மாட்டுகிற இடமோ இன்றும் சரியாக அமைவதில்லை. வாசல் கிழக்குப் பார்த்திருந்து, கருவி வெளியே நோக்கி இருந்தால், காலை வெயில் ஆளின் முதுகுக்குப் பின்னாலிருந்து கேமராவின் கண்ணில் விழும். முகம் நிழலாகிவிடும். மாநிற முகத்துக்கே சிரமம் என்றால் கறுத்த முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விலை உயர்ந்த மென்பொருள் வாங்குவதைவிட, கருவியை நிழலில் இரண்டு அடி தள்ளி மாட்டுவது சில இடங்களில் அதிகப் பலன் தரும்.

தைப்பூசத்துக்கு மொட்டை போட்டால் கதவு திறக்குமா, ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்த்தால் தெரியுமா என்று சிலர் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. தலைமுடியைக் கருவி பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கண், மூக்கு, வாய்ப் பகுதிகளின் அமைப்பே முக்கியம் என்பதால் மொட்டைக்குப் பெரும்பாலும் கதவு திறக்கும். அடர்ந்த தாடி சில கருவிகளைத் தயங்க வைக்கலாம். முகக்கவசம்தான் பெரிய சோதனை. 2020இல் அதே அமெரிக்கக் கழகம் சோதித்தபோது, கிருமிப் பரவலுக்கு முன் எழுதிய மென்பொருள்கள் முகக்கவசம் போட்ட முகங்களில் 5 முதல் 50 விழுக்காடு வரை தவறின. பின்னர் வந்தவை கண் பகுதியைக் கொண்டே ஆளை அறியக் கற்றுக்கொண்டன. ஒரே அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தால் மட்டும் முகக் கருவி திணறும். பெற்ற தாயே சில நேரம் திணறுவாள்; கருவியைக் குறை சொல்ல முடியாது.

மலிவான கருவிகளில் புகைப்படத்தைக் காட்டியே கதவைத் திறந்துவிடலாம். அகச்சிவப்பு ஒளியாலோ ஆழம் அறியும் கேமராவாலோ உயிருள்ள முகம்தானா என்று பார்க்கும் வசதி இருக்கிறதா என்பதைக் கடையிலேயே, தொலைபேசியில் உள்ள ஒரு படத்தைக் காட்டிச் சோதித்துவிடலாம்.

கண்ணும் உள்ளங்கையும்

கருவிழியைச் சுற்றியுள்ள வண்ண வளையத்தின் கோடுகள் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. இரட்டைப் பிள்ளைகளுக்கும் அவை வேறுபடும். ஒரே ஆளின் இடது கண்ணும் வலது கண்ணும்கூட ஒன்றுபோல இராது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் டாக்மன் 1990களில் அமைத்த முறை அந்தக் கோடுகளை 2,048 பிட் கொண்ட குறியீடாக்குகிறது. நம் கண்கள் கரும்பழுப்பு. சாதாரண வெளிச்சத்தில் அதன் கோடுகள் தெரியாது. ஆனால் இந்தக் கருவிகள் பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியில் தெளிவாகத் தெரியும். தோல் நிறம் பற்றிய கவலை இங்கு குறைவு. சிங்கப்பூரின் குடிநுழைவுச் சாவடிகள் விரல்ரேகைக்குப் பதிலாக முகத்தையும் கருவிழியையும் முதன்மை அடையாளமாக ஆக்கிக்கொண்டதை ஜொகூரிலிருந்து அன்றாடம் வேலைக்குப் போய்வருபவர்கள் கண்டிருப்பார்கள்.

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் சில்லு தயாரிக்கும் தூய அறைகளை எண்ணிப் பாருங்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கையுறை, முகக்கவசம். விரலும் இல்லை, முகமும் இல்லை. மிஞ்சியிருப்பது கண்கள் மட்டுமே. அங்கே கருவிழி முறை பொருந்தும். அல்லது மார்பில் தொங்கும் அட்டை. ஆனால் கருவிழிக் கருவி விலை கூடியது. சரியான தூரத்தில், சரியான உயரத்தில், ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நுழையும் வாசலுக்கு அது ஏற்றதன்று. பூ வேலைப்பாடு போட்ட வண்ணக் கண்ணொட்டு வில்லை அணிந்தாலும் குழப்பம்.

பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு உண்மையில் உதவக்கூடியது உள்ளங்கை இரத்தநாள முறை. கையைக் கருவிக்கு மேலே சில செண்டிமீட்டர் உயரத்தில் விரித்துக் காட்டினால் போதும். உயிர்வாயு குறைந்த இரத்தம் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் இரத்தநாளங்கள் கறுத்த கோடுகளாகத் தெரிகின்றன. அவை தோலுக்கு அடியில் இருக்கின்றன. சோப்பும் சிமெண்டும் அவற்றைத் தேய்ப்பதில்லை. கண்ணாடிக் கதவிலும் காப்பிக் குவளையிலும் நாம் விட்டுச்செல்லும் விரல்ரேகையைப் போல அவை எங்கும் பதிந்து கிடப்பதும் இல்லை. இதையும் ஏமாற்ற முடியாது என்று சொல்லிவிட வேண்டாம். 2018 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், இரண்டு ஆய்வாளர்கள் மெழுகினால் ஒரு கை செய்து அதற்குள் இரத்தநாளக் கோடுகளைப் பதித்துக் கருவியை ஏமாற்றிக் காட்டினார்கள்.

விரல்களைக் காற்றில் அசைத்தாலே நான்கு விரல் ரேகையையும் படித்துவிடும் கருவிகளும் வந்துவிட்டன. தொடுதல் என்ற தொல்லை தீர்ந்தது. தேய்ந்த ரேகை தேய்ந்ததாகவே இருக்கிறது.

முகத்தை மாற்ற முடியுமா?

அட்டை திருடுபோனால் மாற்றலாம், கடவுச்சொல்லும் அப்படியே. முகமோ உள்ளங்கையோ ஒரு முறை வெளியே போய்விட்டால் வாழ்நாள் முழுதும் போனதுதான். 2019 ஆகஸ்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர், பல நாடுகளில் கட்டட நுழைவுக்குப் பயன்படும் ஒரு முறையின் தரவுத்தளம் இணையத்தில் காவல் இல்லாமல் திறந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விரல்ரேகைத் தகவல் அதில் இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். பாதிப்பு அவ்வளவு பெரிதன்று என்று நிறுவனம் மறுத்தது. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், அந்த ஊழியர்கள் யாரும் தங்கள் விரலை மாற்றிக்கொண்டு வர முடியாது.

இதற்கு நல்ல தீர்வு மலேசியர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் ஏற்கெனவே இருக்கிறது. 2001இல் அறிமுகமான மைகார்ட் அடையாள அட்டையின் சில்லில் உரியவரின் கட்டைவிரல் ரேகைத் தகவல் இருக்கிறது. வங்கியில் விரலை வைக்கும்போது, அந்த விரல் அட்டையில் உள்ள பதிவோடு ஒப்பிடப்படுகிறது. அதே யோசனையை வேலையிடத்திலும் கையாளலாம். உள்ளங்கைப் பதிவையோ முகப் பதிவையோ நிறுவனத்தின் கணினியில் குவித்து வைக்காமல், ஊழியரின் அட்டையிலேயே வைத்துவிடலாம். வேலையை விட்டுப் போகும்போது அட்டையை அவர் கண்ணெதிரே இரண்டாக வெட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. ஒரு கொள்ளை போனால் எல்லாமே போகும் என்ற நிலையும் இல்லை.

சட்டமும் இப்போது கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் கொண்டுவந்த திருத்தம், உடல்சார்ந்த அடையாளத் தரவை உணர்திறன் மிக்க தகவல்களின் பட்டியலில் சேர்த்தது. 2025 ஏப்ரல் முதல் அது நடப்புக்கு வந்தது. சில விலக்குகள் போக, அப்படிப்பட்ட தரவைக் கையாள உரியவரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். சிங்கப்பூரிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதற்காகச் சேகரித்தார்களோ அந்தத் தேவை முடிந்த பின் தரவை வைத்திருக்கக்கூடாது. ஆக, 'வேலையை விட்டவர்களின் முகப் பதிவை எப்போது அழிக்கிறீர்கள்?' என்று கேட்கும் ஊழியர் அதிகப்பிரசங்கி அல்லர்.

கதவும் மனிதரும்

எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும், பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நல்ல மனத்தை அதனால் வெல்ல முடியாது. இரண்டு கையிலும் நாசி லெமாக் பொட்டலங்களோடு வருகிற ஆளை யார்தான், 'உன் முகத்தை முதலில் காட்டு' என்று நிறுத்துவார்கள்? அன்னியர்கள் உள்ளே நுழைவதற்கு எளிய வழி இதுதான். ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சுழல் தடுப்பு வைத்தால் ஓரளவு தடுக்கலாம்.

வெளியேறும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல அலுவலகக் கண்ணாடிக் கதவுகளைப் பிடித்திருப்பது மின்காந்தப் பூட்டு. சாதாரண வகையே சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும். மனிதர் இழுத்துத் திறக்க முடியாது. மின்சாரம் நின்றால் அது தானாக விட்டுவிடும். அதனால்தான் தீ விபத்து வேளையில் ஆட்கள் சிக்கிக்கொள்வதில்லை. மின்சாரம் நின்றாலும் கதவு பூட்டியே இருக்கட்டும் என்று காப்பு மின்கலம் வைக்கும்போது, அது தீ எச்சரிக்கை மணியோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணி அடித்தால் கதவு திறக்க வேண்டும். சுவரிலுள்ள பச்சை நிற அவசரப் பெட்டி வேலை செய்கிறதா என்பதையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது உடனிருந்து பார்ப்பது நல்லது. உள்ளே விடுவதற்கு முகத்தைக் கேட்கலாம். வெளியே விடுவதற்கு எதையும் கேட்கக்கூடாது.

பதினைந்து பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகத்துக்கு முகக் கருவி ஆடம்பரம்தான். மறையீடு உள்ள நல்ல அட்டை போதும்; யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது மேலாளருக்குக் கண்ணாலேயே தெரியும். சமையலறை, கட்டுமானம், மர ஆலை போன்ற இடங்களில் விரலை விட்டுவிட்டு அட்டைக்கோ உள்ளங்கைக்கோ போவதே நியாயம். மருந்துக் கிடங்கு, கணினி மையம் போன்ற அறைகளுக்கு அட்டையும் உடல் அடையாளமும் சேர்ந்திருக்க வேண்டும். பெரிய வாசலில் எல்லோருக்கும் அதையே விதித்தால் வரிசை சாலை வரை நீளும்.

எதை மாட்டினாலும், கதவுக் கணக்கையும் சம்பளக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. கருவி ஏற்க மறுத்த நாளில் பாதுகாவலர் நோட்டில் எழுதிய நேரமும் அதிகாரபூர்வமான வருகைதான் என்று எழுத்து மூலம் ஒரு விதி இருந்தால், அந்த அம்மாவுக்குச் சம்பளம் குறையாது. அந்த நோட்டை மாதக் கடைசியில் யாராவது திறந்து பார்ப்பார்கள் என்ற ஏற்பாடும் வேண்டும். எந்த ஊழியரின் பெயர் அதில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தாலே, கருவி யாரிடம் தோற்கிறது என்பது தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் கருவியை இரண்டு வாரம் இரவலாகக் கேட்டுப் பார்க்கலாம். விற்பனையாளரின் குளிரூட்டிய காட்சியறையில் இல்லாமல், சொந்த வாசலில், வெயில் முகத்தில் அடிக்கும் நேரத்திலும் மழையில் நனைந்து வரும் நேரத்திலும், இரவு வேலை முடிந்து களைத்து வெளியேறும் நேரத்திலும் சோதிக்க வேண்டும். மேலாளரின் முகத்தையும் கையையும் வைத்துச் சோதித்தால் எல்லாக் கருவியும் பச்சை விளக்கைத்தான் காட்டும். முதலில் கேண்டீனிலிருந்து அந்த அம்மாவைக் கூப்பிட வேண்டும், கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லாமல்.